பன்னிரண்டாவது கிழமை

விடிந்ததும் கஜேந்தினிக்கு முதல் வேலை பூனைக்குட்டிகளை நிறுப்பது. தேநீர்கூட அதற்குப் பிறகுதான். குசினி மேசையில் கேக்குக்கு மா நிறுக்கிற சின்னத் தராசு இருந்தது. அதன்மேல் ஒரு பிளாஸ்ரிக் கோப்பையை வைத்து, முள்ளைப் பூச்சியத்துக்குக் கொண்டுவந்து, குட்டிகளை ஒவ்வொன்றாக உள்ளே விடுவாள். குட்டி ஒரு கணமாவது அசையாமல் இருந்தால்தான் முள் ஒரு இடத்தில் நிற்கும். அதற்காக நாக்கை மேலண்ணத்தில் தட்டி ஒரு சத்தம் போடுவாள். என்னவென்று குட்டி நிமிர்ந்து பார்க்கும். அந்த நேரத்தில் முள்ளைப் பார்த்துவிட வேண்டும்.

நான்கு குட்டிகள். நான்கும் தேங்காய்ப்பால் நிறம், நான்குக்கும் சப்பை மூக்கு. அடையாளத்துக்காகக் கழுத்தில் கம்பளி நூலைத் தளர்வாகக் கட்டியிருந்தாள்: சிவப்பு, மஞ்சள், பச்சை, நீலம். ஒரு நாளைக்குப் பத்துப் பதினைந்து கிராம் ஏறினால் குட்டி நலமாக இருக்கிறது. ஏறாமல் நின்றால் எங்கோ பிழை. இறங்கினால் அன்றைக்கே பார்க்க வேண்டும். பூனை தன் வருத்தத்தை மறைக்கிற சாதி. பசியில்லாவிட்டாலும் கோப்பைக்குப் பக்கத்தில் வந்து குந்தியிருக்கும். நிறையை மட்டும் அதனால் மறைக்க முடியாது.

புளியங்குளம் சந்தியிலிருந்து கிழக்கே இரண்டு கட்டை தூரத்தில் அவர்களுடைய வீடு. முன்பக்கத்தில் தர்ஷனின் ஒட்டுவேலைப் பட்டறை. படலை, ஜன்னல் கம்பி, உழவு இயந்திரப் பெட்டி என்று சந்தியிலிருந்து வேலை வரும். மகள் வவுனியாவில் விடுதியில் நின்று படித்தாள். பின்பக்கத்து அறையைக் கஜேந்தினி பூனைகளுக்கென்று எடுத்துக்கொண்டாள். கூடுகளைத் தர்ஷனே அடித்துக் கொடுத்தான். குட்டியின் தலை போகாத அளவுக்குக் கம்பியிடைவெளி எவ்வளவு இருக்க வேண்டும் என்று அவள் ஒரு தேசிக்காயை வைத்து அளந்து காட்டினாள்.

ஆவணி மாதம். சோளகக் காற்று புழுதியை அள்ளிக்கொண்டு வந்து கொட்டும். பேர்சியன் பூனைக்கு அந்த மயிருடன் வன்னி வெயில் ஒத்துவராது. அதனால் ஜன்னல்களில் சாக்கைத் தொங்கவிட்டு, மணிக்கு ஒருமுறை தண்ணீர் தெளிப்பாள். காற்று ஈரச்சாக்கினூடாக வரும்போது குளிர்ந்துதான் வரும். மத்தியானத்தில் ஐஸ் போத்தலைப் பழைய சாரத்தில் சுற்றிக் கூட்டுக்குள் வைப்பாள். தாய்ப்பூனை டொலி அதில் முதுகைச் சாத்திக்கொண்டு படுக்கும். குட்டிகள் டொலியின்மேல் படுக்கும்.

டொலியை அவளுக்குக் கொடுத்தது வவுனியாவிலுள்ள ஸுஹறா. பல வருடங்களாகப் பேர்சியன் வளர்க்கிறவள். கஜேந்தினிக்கு இந்த வேலை முழுவதையும் தொலைபேசியில் படிப்பித்ததும் அவள்தான். சப்பை மூக்கால் கண்ணீர் உள்ளே இறங்காமல் வெளியே வழியும், கொதித்தாறிய தண்ணீரில் பஞ்சைத் தோய்த்து ஒருநாளைக்கு இருமுறை துடைக்க வேண்டும். மணலை அரித்து வெயிலில் காயவைத்துத் தட்டில் போட்டால் போதும், தாய் போகிற இடத்துக்குக் குட்டி தானாகப் போகும். எல்லாவற்றுக்கும் முடிவில் ஸுஹறா ஒன்றைச் சொல்வாள்.

"பன்னிரண்டு கிழமைக்கு முன்னுக்கு ஆர் வந்து கேட்டாலும் குடுக்காத புள்ள. என்ட வாப்பா எழும்பி வந்து கேட்டாலும் நான் குடுக்க மாட்டன்."

ஏன் பன்னிரண்டு என்று கஜேந்தினி கேட்டிருக்கிறாள். காரணம் தெரியாமல் ஒரு வேலையைச் செய்ய அவளால் முடியாது. தாயின் முதல் பாலோடு ஒரு காவல் குட்டியின் உடம்புக்குள் போகிறது. ஆறாம் ஏழாம் கிழமையில் அது மெல்ல மெல்லக் குறையும். எட்டாம் கிழமையில் முதல் ஊசி, பன்னிரண்டில் இரண்டாவது. ஊசி போட்ட கையோடு பலன் வராது, குட்டியின் உடம்பு தனக்கென்று ஒரு காவலைக் கட்டிக்கொள்ள வேண்டும். ஒரு வரம்பிலிருந்து காலை எடுத்து மற்ற வரம்பில் வைக்கிறதுக்குள் நடுவில் சேறு இருப்பதுபோல, அந்த இடைக்காலம் ஒன்று இருக்கிறது. அப்போது குட்டி தாயோடு, தெரிந்த சாப்பாட்டோடு, தெரிந்த தட்டோடு இருக்க வேண்டும்.

இன்னொன்றும் உண்டு. ஏழு கிழமைக் குட்டிக்குக் கடியின் அளவு தெரியாது. விளையாட்டுக்குக் கடித்தாலும் பல் இறங்கும். உடன்பிறந்தது கத்திக்கொண்டு விளையாட்டை விட்டுப் போகும், தாய் தலையில் ஒன்று போடும். இப்படி நாலைந்து கிழமை அடிபட்டுத்தான் பல்லை வைத்தும் நோகாமல் பிடிக்கப் பழகும். இதை மனிதரால் படிப்பிக்க முடியாது.

வெளியாட்களிடம் கஜேந்தினி இந்தச் சட்டத்தை இம்மியும் விட்டதில்லை. வவுனியாவில் வங்கியில் வேலை செய்கிற சிவகரன் என்பவர் பச்சை நூல் குட்டிக்குச் சொல்லிவைத்திருந்தார். ஆறாம் கிழமையில் வந்து, இப்போதே தந்தால் இரட்டிப்பாகத் தருகிறேன் என்றார்.

"மூண்டு மடங்கு தந்தாலும் குட்டிக்கு வயசு கூடாது அண்ணை," என்று அவள் சொன்னாள். அவர் சிரித்துவிட்டுப் போனார்.

குட்டிகளுக்கு ஏழு கிழமை முடிகிற நேரத்தில், ஒரு பின்னேரம், தர்ஷனின் அக்கா சுதாஜினியும் புருஷன் ராஜரத்தினமும் கிளிநொச்சியிலிருந்து மோட்டார் சைக்கிளில் வந்தார்கள். சுதாஜினியின் கையில் வெற்றிலை பாக்கு வைத்த தட்டம். வருகிற வியாழக்கிழமை அவர்களுடைய புது வீட்டுக்குக் குடிபூரல். ராஜரத்தினத்துக்குக் கட்டாரில் வேலை. மூன்று கிழமை லீவில் வந்திருந்தார். குடிபூரலுக்கு அடுத்த நாள் திரும்பிப் போக வேண்டும்.

கஜேந்தினி தேநீர் ஊற்றி, பயற்றம் பணியாரம் வைத்தாள். சுதாஜினி கதிரையில் இருக்காமல் நேரே பின்னறைக்குப் போய்க் கூட்டடியில் குந்தினாள். சிவப்பு நூல் குட்டி கம்பிக்கு வெளியே கையை நீட்டி அவளுடைய சேலைக் கரையைப் பிடித்தது.

"இதுதான் எங்கட தனுஷாவின்ர," என்றாள் சுதாஜினி. "கஜேந்தி, வியாழன் காலமை நீங்கள் வரேக்க இதைக் கொண்டுவாங்கோ."

தனுஷா அவர்களுடைய ஒரே பிள்ளை. ஒன்பது வயது. ஒரு குட்டி தருவதாகக் கஜேந்தினிதான் அவளுக்குச் சொல்லியிருந்தாள்.

"மச்சாள், வியாழனெண்டால் ஏழு கிழமையும் ரெண்டு நாளும்தான் ஆகும்," என்றாள் கஜேந்தினி. "ஊசியும் போடேல்லை. புரட்டாதி கடைசியில நானே கொண்டுவந்து தாறன்."

"புரட்டாதியில இவர் எங்க இருப்பார்? பிள்ளையின்ர கையில தான் வைக்கோணுமெண்டு நிக்கிறார்."

ராஜரத்தினம் பணியாரத்தைக் கடித்துக்கொண்டே சொன்னார். "குடிபூரலுக்குப் பசுவும் கண்டும் ஏத்திறவை தங்கச்சி. எங்கட வீட்டு நிலம் மாபிள். மாடு வழுக்கி விழுந்துதெண்டால் முதல் நாளே மிருக வைத்தியரைக் கூப்பிட வேண்டிவரும். பூனையெண்டால் நகம் இருக்கு."

தர்ஷன் வெடித்துச் சிரித்தான். "அத்தான், மாட்டைவிட இந்தப் பூனைக்கு விலை கூட. தெரியுமோ?"

"அதுதானே கேக்கிறன். மாடு ஆர் தருவினம்? பூனையெண்டால் மச்சாள்காரி தருவா."

கஜேந்தினியும் சிரித்தாள். சிரித்தபடியே காரணங்களைச் சொன்னாள். தாய்ப்பாலின் காவல், ஊசி, கடி எல்லாவற்றையும் ஒன்றொன்றாகச் சொன்னாள். சுதாஜினி கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். கேட்டு முடிந்ததும் சொன்னாள்.

"நாங்கள் சின்னனில வளத்த பூனையள் கண் முழிச்ச கையோட வந்ததுகள் கஜேந்தி. சோத்தைத் திண்டு வளந்ததுகள்தானே."

"வளந்ததுகளைத்தான் மச்சாள் நாங்கள் கண்டது. வளராததுகளை ஆர் எண்ணினது?"

சுதாஜினியின் முகம் சிறிது மாறியது. தட்டத்திலிருந்த வெற்றிலையை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கினாள்.

"எங்கட அப்பா தேயிலைத் தோட்டத்து லயத்துக் காம்பராவில பிறந்தவர்," என்றாள். "எழுபத்தேழில கலவரத்துக்கு ஓடி வந்து இஞ்ச காடு வெட்டினவர். கடைசிமட்டும் தகரக் கொட்டில்தான். அந்த மூக்கன்ர பிள்ளையளில சொந்தமாக் கல்வீடு கட்டினது நான்தான் முதல். அந்த வீட்டுக்குள்ள ஒரு உயிரைக் கொண்டு போகோணுமெண்டு ஆசைப்பட்டன். அவ்வளவுதான். உங்களுக்கு ஏலாதெண்டால் விடுங்கோ."

அதன்பிறகு ஒருவரும் பூனையைப் பற்றிக் கதைக்கவில்லை. மழை எப்போது வரும், குளத்தில் எவ்வளவு தண்ணீர் கிடக்கிறது, கட்டாரில் வெயில் எத்தனை பாகை என்று கதை போனது. மோட்டார் சைக்கிள் படலையைத் தாண்டியதும் தர்ஷன் மனைவியிடம் திரும்பினான்.

"வங்கிக்காரனுக்குச் சொன்ன கதையை அக்காவுக்கும் சொல்லுறாய்."

"குட்டி ஒண்டுதானேயப்பா. ஆர் கேட்டாலும் அதின்ர வயசு அதுதானே."

"நான் கூரையிலயிருந்து விழுந்து கால் முறிஞ்சு கிடக்கேக்க மூண்டு மாசம் ஆர் வந்து சமைச்சது? நாள் எண்ணிக்கொண்டோ வந்தவா?"

அந்த மூன்று மாதமும் சுதாஜினி தன் வீட்டைப் பூட்டிவிட்டு வந்து நின்றாள். தர்ஷனின் காயத்துக்கு மருந்து கட்டினாள், கஜேந்தினிக்குத் தலை வாரிவிட்டாள். அப்படிப்பட்டவளிடம் எட்டாம் கிழமை, பன்னிரண்டாம் கிழமை என்று கணக்குப் படிப்பித்தது கஜேந்தினிக்கே கூச்சமாக இருந்தது. ஸுஹறாவுக்குத் தொலைபேசி எடுத்துக் கேட்கலாமா என்று நினைத்தாள். கேட்டால் என்ன சொல்வாள் என்று தெரியும். அதனால் எடுக்கவில்லை.

வியாழக்கிழமை விடியமுன்னமே எழும்பி நிறுத்தபோது சிவப்பு அறுநூற்று நாற்பது கிராம். நான்கில் அதுதான் பெரியது. பெரியதுதானே போகிறது என்று அவள் தன்னையே சமாதானப்படுத்தினாள்.

சுதாஜினியின் வீடு கிளிநொச்சியில் பிரதான வீதியிலிருந்து உள்ளே, புதிதாக வேலி அடைத்த காணியில் இருந்தது. வாசலில் குலைவாழை கட்டி, நிறைகுடம் வைத்திருந்தார்கள். சுபநேரம் ஆறு இருபதிலிருந்து ஏழு ஐந்து வரை. ஐயர் சொன்ன நேரத்துக்கு ராஜரத்தினம் சாமிப்படத்தையும், சுதாஜினி விளக்கையும், தனுஷா பூனைக்குட்டியையும் ஏந்திக்கொண்டு வலது காலை வைத்து உள்ளே போனார்கள். தனுஷாவின் நெஞ்சோடு ஒட்டிக்கொண்டிருந்த குட்டி, தவில், நாதஸ்வரம் என்று ஸ்பீக்கரில் போட்ட சத்தத்துக்கு விறைத்துப்போய் நகத்தைச் சட்டையில் பதித்திருந்தது. கடைக்குட்டிக்கு மாலை போடவில்லையோ என்று யாரோ கேட்க, எல்லோரும் சிரித்தார்கள்.

குசினியில் மூன்று கல் வைத்துப் பால் காய்ச்சினார்கள். பானை நிறையப் பசும்பால். பால் எந்தப் பக்கத்தால் பொங்குகிறது என்று எல்லோரும் கழுத்தை நீட்டிப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். கிழக்குப் பக்கத்தால் பொங்கி வழிந்தது. சுதாஜினி வாய்விட்டு அழுதுவிட்டாள். "அப்பா இருந்திருக்கோணும்," என்று இரண்டு தரம் சொன்னாள். ராஜரத்தினம் அவளுடைய தோளைப் பிடித்தார். பாலைச் சீனி போட்டு முதலில் சாமிக்கு வைத்து, பிறகு சின்னச் சின்னக் கப்பில் எல்லோருக்கும் கொடுத்தார்கள்.

தனுஷா தன் கப்பிலிருந்து பாதியை ஒரு தட்டில் ஊற்றி, குட்டிக்கு முன்னால் வைத்தாள். "இவரும் புது வீட்டுக்கு வந்தவர்தானே," என்றாள்.

கஜேந்தினி நாலடி தூரத்தில், குசினி வாசல் நிலையைப் பிடித்தபடி நின்றாள். பசும்பாலைச் சமிக்கத் தேவையான சாமான் குட்டியின் குடலில் போதுமான அளவு இல்லை. சமியாத பால் குடலுக்குள் தண்ணீரை இழுக்கும், வயிற்றால் போகும். பெரிய பூனையென்றால் தாங்கிக்கொள்ளும். அறுநூற்று நாற்பது கிராமில் தண்ணீர் எவ்வளவு இருக்கும். இதைச் சிவகரனுக்கு அவள் முதல் நாளே சொல்லியிருந்தாள். இப்போது நாக்கு நுனிவரைக்கும் வந்தது. ஆனால் பொங்கிய பாலை, பொங்கிய நேரத்தில், வேண்டாம் என்று எப்படிச் சொல்வது? அந்த வீட்டுக்குள் சொல்கிற முதல் வார்த்தை அதுவாகவா இருக்க வேண்டும்? தொலைபேசிகளைத் தூக்கிப் பிடித்துப் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். குட்டி மோந்து பார்த்தது. நக்கத் தொடங்கியது. தனுஷா நிமிர்ந்து கஜேந்தினியைப் பார்த்துச் சிரித்தாள். கஜேந்தினியும் சிரித்தாள்.

ஒருமுறை குடித்தால் ஒன்றும் வராது என்று நினைத்தாள். அது பெரும்பாலும் உண்மையும்கூட.

பிறகு பந்தி தொடங்கியது. பூசணிக்காய்க் கறி, பருப்பு, வாழைக்காய்ப் பொரியல், பாயாசம். நூற்றைம்பது பேருக்கு மேல். கஜேந்தினி நின்ற இடத்தில் நிற்க நேரமில்லாமல் பரிமாறினாள், எச்சில் இலை எடுத்தாள், பாத்திரம் கழுவினாள். பின்னேரம் புறப்படும்போதுதான் சுதாஜினியைத் தனியே பிடிக்க முடிந்தது. தண்ணீர் மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது.

"மச்சாள், குட்டிக்குப் பால் கனக்க வேண்டாம். கோழி அவிச்சுப் பிச்சுக் குடுங்கோ."

"ஓமோம், அதெல்லாம் நான் பாப்பன். நீங்கள் களைச்சுப்போனியள், போட்டுவாங்கோ."

கனக்க வேண்டாம் என்றுதான் சொன்னாள். அறவே கூடாது என்று சொல்லவில்லை. வெளியாட்களை ஒரு மணித்தியாலம் இருத்திவைத்துச் சொல்கிறவள், மச்சாளுக்கு ஒரு வரியில் சொல்லிவிட்டு பஸ் ஏறினாள்.

ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் சுதாஜினி தொலைபேசி எடுத்தாள். ராஜரத்தினம் சுகமாகப் போய்ச் சேர்ந்ததைச் சொல்லிவிட்டு, கடைசியில் சொன்னாள்.

"குட்டிக்கு வயித்தால போகுது கஜேந்தி. நேத்துத் தொடக்கம்."

"பால் குடுக்கிறியளோ?"

"அதைத்தானே விரும்பிக் குடிக்குது. பிள்ளை காலமையும் பின்னேரமும் வைக்கிறாள். கோழியை மணந்துபோட்டு விட்டிட்டுது."

"பாலை நிப்பாட்டுங்கோ. இப்பவே நிப்பாட்டுங்கோ. மருந்துக்கடையில ஜீவனி உப்புத்தூள் வாங்கித் தண்ணியில கரைச்சு, சிரிஞ்சால சொட்டுச் சொட்டா வாயோரத்தில விடுங்கோ. நான் விடிய முதல் பஸ்ஸில வாறன்."

காலையில் அவள் போனபோது குட்டி குளியலறை மாபிளில் பக்கவாட்டாகப் படுத்திருந்தது. தனுஷா பள்ளிக்கூடம் போயிருந்தாள். கஜேந்தினி குட்டியின் பிடரித் தோலை இரண்டு விரலால் கிள்ளித் தூக்கி, பிறகு விட்டாள். உடம்பில் தண்ணீர் இருந்தால் தோல் உடனே பழையபடி இறங்கும். அது கூடாரம்போல அப்படியே நின்றது. வாயைத் திறந்து பல் முரசைத் தொட்டாள். காய்ந்து, விரலில் ஒட்டியது. கூடைக்குள் வைத்து மூடிக்கொண்டு மிருக வைத்தியரிடம் ஓடினாள்.

வைத்தியர் தோலுக்கடியில் சேலைன் ஏற்றினார். எத்தனை கிழமை என்று கேட்டார். சொன்னாள். ஊசி போட்டதா என்று கேட்டார். இல்லை என்றாள்.

"பால் மட்டும்தான் காரணமெண்டு சொல்லேலாது," என்றார் அவர். "தாயை விட்டு வந்தது, சத்தம், சனம், புதுச் சாப்பாடு, இந்த வெக்கை. எல்லாம் சேந்து வந்திருக்கு. இன்னும் ஒரு மாசம் பொறுத்திருந்தால் இதில பாதியைத் தாங்கியிருக்கும்."

வைத்தியரிடமிருந்து சுதாஜினியின் வீட்டுக்குத் திரும்புகிற வழியில், ஓட்டோவுக்குள், கூடையின் பாரம் ஒரு மாதிரி மாறியதுபோல இருந்தது. திறந்து பார்த்தாள். பிறகு ஓட்டோவை வீதியோரத்தில் நிறுத்தச் சொல்லிவிட்டுச் சுதாஜினிக்கு எடுத்தாள்.

குட்டி மூச்சு விடவில்லை என்று சொன்னாள்.

"கஜேந்தி," என்றாள் சுதாஜினி. குரல் மிகவும் தணிந்திருந்தது. "இஞ்ச கொண்டு வராதேங்கோ. குடிபூந்து இன்னும் அஞ்சு நாள் ஆகேல்லை. காணிக்குள்ளயும் வேண்டாம். கோவிச்சுக்கொள்ளாதேங்கோ."

"இல்லை மச்சாள். நான் கொண்டுபோறன்."

"பிள்ளைக்குச் சொல்லாதேங்கோ. தாயிட்டப் போயிருக்கு, வளந்து வருமெண்டு சொல்லிவிடுறன்."

வவுனியா பஸ்ஸில் ஜன்னலோரமாக இருந்தாள். கூடை மடியில். முறிகண்டியில் பஸ் நின்றது. ஆட்கள் இறங்கிப் பிள்ளையாருக்குக் கும்பிட்டு, கச்சான் வாங்கிக்கொண்டு ஏறினார்கள். பக்கத்தில் வந்திருந்த ஒரு மனுசி கூடையைப் பார்த்தாள்.

"பூனையோ பிள்ளை?"

"ஓம்."

"சத்தத்தைக் காணேல்லை."

"நித்திரை."

"நல்ல பூனை. எங்கடையெண்டால் பஸ்ஸைத் தலைகீழாக்கிப்போடும்," என்று அந்த மனுசி கச்சான் கோதை உடைத்து வாயில் போட்டாள். கஜேந்தினிக்கும் கொஞ்சம் நீட்டினாள். வாங்காவிட்டால் ஏன் என்று கேட்பாளோ என்று கஜேந்தினி வாங்கித் தின்றாள்.

பட்டறைக்குப் பின்னால் குட்டியைப் புதைக்கத் தர்ஷன்தான் கிடங்கு வெட்டினான். காய்ந்த நிலம், அலவாங்கால் குத்தித்தான் கிளப்ப வேண்டியிருந்தது. ஒருமுறைகூட நிமிர்ந்து அவளைப் பார்க்கவில்லை. முடிந்ததும், "நான் அப்பிடிச் சொல்லியிருக்கக் கூடாது," என்றான்.

"நீங்கள் சொன்னனீங்கள். குடுத்தது நான்," என்றாள் அவள்.

மூன்று குட்டிகள் நிறை ஏறின. எட்டாம் கிழமையில் முதல் ஊசி. மூன்றுக்கும் ஒருநாள் காய்ச்சல் காய்ந்து தெளிந்தது. ஒன்பதாம், பத்தாம் கிழமையில் அறைக்குள் ஒரே சண்டை. மஞ்சள்தான் முரடு. நீலத்தின் காதைக் கடித்து, டொலியிடம் அடி வாங்கும். பதினோராம் கிழமையில் அதே மஞ்சள் நீலத்தின் காதை வாயில் வைத்துக்கொண்டு, அழுத்தாமல், அப்படியே நித்திரையாகிவிடும். கஜேந்தினி பார்த்துக்கொண்டு நிற்பாள். இந்த நாலு கிழமையைத்தான் மற்றதற்கு இல்லாமல் செய்தோம் என்று நினைப்பாள்.

பன்னிரண்டில் இரண்டாவது ஊசியும் போட்டாயிற்று. சிவகரன் வந்து பச்சையைக் கொண்டுபோனார். ஒரு மணித்தியாலத்துக்கு மேல் இருத்திவைத்து எல்லாவற்றையும் சொன்னாள். அவர் கொப்பி ஒன்று கொண்டுவந்திருந்தார். அவள் சொல்லச் சொல்ல எழுதினார். "பால் அறவே கூடாது," என்று அவள் சொன்னபோது அதன் கீழ் கோடு போட்டார். அந்தக் கோட்டைப் பார்த்தபடி அவள் அதை இன்னொருமுறை சொன்னாள். இரண்டு நாள் கழித்து அவர் ஒரு வீடியோ அனுப்பினார். பச்சை அவருடைய கதிரைக் கையில் ஏறிப் படுத்துக்கொண்டு, இந்த வீட்டில்தான் பிறந்ததுபோல முகம் கழுவிக்கொண்டிருந்தது. நீலத்தையும் அந்தக் கிழமையே வேறொருவர் வந்து கொண்டுபோனார்.

சுதாஜினி ஏற்கெனவே சொல்லியிருந்தாள். "மஞ்சளைக் கொண்டுவாங்கோ கஜேந்தி. கழுத்தில சிவப்பு நூலைக் கட்டி விடுங்கோ. அவரும் கட்டாரிலயிருந்து வீடியோவில பூனை எங்க, பூனை எங்கயெண்டு கேட்டுக்கொண்டிருக்கிறார். அவருக்கும் சொல்லேல்லை." கஜேந்தினி ஓம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. புறப்படுகிற அன்று சிவப்பு நூலைக் கையில் எடுத்தாள். கொஞ்சநேரம் வைத்திருந்துவிட்டு, குட்டியை நூலே இல்லாமல் கூடைக்குள் விட்டாள்.

தனுஷா வாசலுக்கே ஓடி வந்தாள். கூடையைத் திறந்ததும் மஞ்சள் தலையை வெளியே நீட்டி, நாலு பக்கமும் மணந்து, பயமில்லாமல் இறங்கி நடந்தது. மாபிள் தரையில் ஒரு சுற்றுச் சுற்றி வந்து தனுஷாவுக்கு முன்னால் குந்தியது. அவள் விரலை நீட்டினாள். குட்டி அதை இரண்டு கையாலும் பிடித்து வாய்க்குள் வைத்தது.

தனுஷா கொஞ்சநேரம் அப்படியே இருந்தாள். பிறகு விரலை மெல்ல இழுத்துப் பார்த்தாள்.

"இது கடிக்கேல்லை," என்றாள்.

"வளந்திட்டுதெல்லே," என்றாள் சுதாஜினி அவசரமாக. "மாமியிட்ட நிண்டு பழகியிருக்கு."

"அது கடிச்சால் ரத்தம் வாறது. இது அதில்லை." அவள் கஜேந்தினியைப் பார்த்தாள். "மாமி, அது செத்துப்போச்சோ?"

சுதாஜினி கஜேந்தினிக்குக் கண்ணைக் காட்டினாள். கஜேந்தினி தரையில் பிள்ளைக்கு நேரே இருந்தாள்.

"ஓம்."

"நான் பால் வைச்சதாலயோ?"

"பிள்ளை, என்ன கதை இது," என்று சுதாஜினி கிட்ட வந்தாள்.

"இல்லையம்மா. பள்ளிக்கூடத்தில தர்மினி சொன்னவள், பூனைக்குட்டிக்குப் பசும்பால் நஞ்சாம். நான்தான் ஒவ்வொரு நாளும் வைச்சனான்." தனுஷாவின் குரலில் அழுகை இருக்கவில்லை. இந்தக் கேள்வியை அவள் கனநாளாகத் தனியே வைத்துக் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறாள் என்று தெரிந்தது.

"உனக்குத் தெரியாது தனு. தெரியாமல் செய்தது பிழையில்லை. எனக்குத் தெரியும்."

"நீங்கள் அண்டைக்குப் பாத்துக்கொண்டு நிண்டனீங்கள்."

"ஓம். பாத்துக்கொண்டு நிண்டனான்."

"சிரிச்சனீங்கள்."

"ஓம்."

"ஏன் சொல்லேல்லை?"

நல்ல நேரம், உன் அம்மா அழுதுகொண்டு நின்றாள், வீட்டுக்குள் முதல் வார்த்தை. எல்லாம் வாய்வரைக்கும் வந்தது. ஒன்றும் அந்தப் பிள்ளைக்குச் சொல்லக்கூடிய காரணமாக இருக்கவில்லை.

"சொல்ல வெக்கமாயிருந்தது," என்றாள் கஜேந்தினி.

தனுஷா எழும்பினாள். குட்டி அவளுடைய காலைச் சுற்றி உரசிக்கொண்டு வந்தது. அவள் பாதத்தை மெல்ல விலக்கினாள்.

"எனக்கு வேண்டாம் மாமி. நான் வேற ஏதும் பிழை செய்துபோடுவன்."

"நான் எல்லாம் சொல்லித்தாறன் தனு. எழுதித்தாறன்."

"வேண்டாம்," என்றுவிட்டு அவள் அறைக்குள் போனாள். கதவை அடிக்கவில்லை, மெல்லத்தான் சாத்தினாள்.

சுதாஜினி கதிரையில் இருந்து முகத்தைச் சேலையால் துடைத்தாள். "சொல்லாமல் விட்டிருக்கலாம் கஜேந்தி. பிள்ளை மறந்திருப்பாள்."

"மறக்கேல்லையே மச்சாள்."

"பால் கூடாதெண்டு எனக்காவது அண்டைக்குச் சொல்லியிருக்கலாம். நான் என்ன, கோவிச்சிருப்பனோ?"

கோவித்திருக்க மாட்டாள். கஜேந்தினிக்கு அது அப்போதுதான் விளங்கியது. சுதாஜினி தட்டை எடுத்துவிட்டு, "அப்பிடியோ, எனக்குத் தெரியாதே," என்று கண்ணைத் துடைத்துக்கொண்டே சொல்லியிருப்பாள். அவ்வளவுதான் நடந்திருக்கும்.

"சாப்பிட்டுப் போங்கோ," என்றாள் சுதாஜினி. கஜேந்தினி சாப்பிட்டாள். புட்டும் மீன்குழம்பும். குட்டி மேசைக்குக் கீழே இருந்தது. மூன்று மணி பஸ்ஸுக்கு அதைத் திரும்பக் கூடைக்குள் விட்டாள்.

புளியங்குளத்தில் இறங்கும்போது வெயில் தாழ்ந்திருந்தது. தர்ஷன் பட்டறையில் கறுப்புக் கண்ணாடியைத் தூக்கிக்கொண்டு பார்த்தான். அவளுடைய கையில் கூடை. சாவியை எடுத்துப் பின்னறையைத் திறந்துவிட்டான்.

குட்டி வாலை நிமிர்த்திக்கொண்டு நேரே தாயிடம் ஓடியது. டொலி மூக்கை நீட்டி அதன் கழுத்தை மணந்தாள். பூனை ஆளைத் தெரிந்துகொள்வது கண்ணால் அல்ல, மணத்தால். அந்தக் குட்டியின்மேல் பஸ்ஸின் மணம் இருந்தது, மாபிள் கழுவுகிற மருந்தின் மணம், மீன்குழம்பு, ஒரு பிள்ளையின் கைச் சவர்க்காரம். காலையில் இருந்த மணம் எங்கோ அடியில் போயிருந்தது. குட்டிகளைத் தன்னை விட்டுத் தள்ளவேண்டிய காலமும் டொலிக்கு வந்திருந்தது. அவள் காதை மடித்து, முதுகை உயர்த்தி, வாயை விரித்துச் சீறினாள்.

குட்டி நின்றது. இரண்டடி பின்னுக்கு வந்தது. மறுபடி ஒருமுறை கிட்டப் போய்ப் பார்த்தது. டொலி கையைத் தூக்கினாள்.

"என்னப்பா இது, தன்ர பிள்ளையைத் தெரியேல்லையோ?" என்றான் தர்ஷன்.

"ரெண்டு மூண்டு நாளில பழகலாம்," என்றாள் கஜேந்தினி. "பழகாமலும் விடலாம். இது ஒருக்கா வீட்டை விட்டு வெளிக்கிட்ட குட்டி."

அவள் மூலையில் வேறாக ஒரு சாக்கை மடித்துப் போட்டாள். தண்ணீர்க் கோப்பையும் மணல் தட்டும் வைத்தாள். குட்டி தட்டைக் கண்டதும் போய், கிளறி, இருந்து, மணலை இழுத்து ஒழுங்காக மூடியது. பிறகு தண்ணீர் குடித்தது. அதற்குத் தெரியவேண்டிய எல்லாம் தெரிந்திருந்தது. சாக்கில் படுத்து, யாருடைய காதும் அகப்படாமல், தன் முன்காலையே வாயில் வைத்துக்கொண்டு கண்ணை மூடியது.